ஆங்கிலத் திரையும் தமிழ்க் குரலும்: கணினிவழிப் பாடங்களின் மொழிபெயர்ப்பு குறித்து ஒரு திறனாய்வு

அச்சிட்ட பாடநூலைத் தமிழாக்குபவர்க்கு மூலம் ஒன்றே. அது தாளில் உள்ள உரை. திரையில் ஓடும் பாடத்தைத் தமிழாக்குபவர்க்கோ மூலம் மூன்றாகும். குரல் ஒன்று, காட்சி ஒன்று, அவ்விரண்டையும் பிணைக்கும் நேரம் ஒன்று. இம்மூன்றனுள் மொழிபெயர்ப்பாளர் கையில் ஒப்படைக்கப்படுவது பெரும்பாலும் குரல் மட்டுமே. காட்சி ஆங்கிலத்திலேயே நிற்கிறது. நேரம் ஆங்கிலத் தொடரின் நீளத்தால் முன்னரே அளந்து வைக்கப்படுகிறது. இந்நிலையில் உருவாகும் தமிழ் எத்தகையது, அது கற்பவர்க்கு எங்கே துணை நிற்கிறது, எங்கே தடையாகிறது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இணையவழிக் கல்வியின் பொருளாதாரமும் உளவியலும் வேறு பலரால் பேசப்பட்டுள்ளன. அவை ஈண்டு எடுத்துக்கொள்ளப்படவில்லை.

ஆய்வுக்குரிய களமாக மும்பையை, அதிலும் செம்பூரைச் சுற்றியுள்ள பகுதியைக் கொள்வதற்குக் காரணம் உண்டு. தாராவி, மாட்டுங்கா, செம்பூர் ஆகிய மூன்றும் மும்பைத் தமிழரின் நெடுநாளைய இருப்பிடங்கள். செம்பூரின் நாற்புறமும் நாட்டின் பெரிய கல்வி, ஆய்வு நிறுவனங்கள் சிலவற்றைக் காணலாம். திராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையமும், தேவனாரில் டாட்டா சமூக அறிவியல் நிறுவனமும், மான்கூர்தில் 1974-இல் தோன்றிய ஹோமி பாபா அறிவியல் கல்வி மையமும் உள்ளன. வடக்கே சில கல் தொலைவில், பவாயில், மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் அமைந்துள்ளது. அணு ஆராய்ச்சி மையத்தின் விரிவாக்கத்திற்காக 1976-இல் சனதா காலனியிலிருந்து பெயர்க்கப்பட்டவர்கள் குடியேறிய சீட்டா கேம்ப்பில் தமிழ் பேசுவோர் மிகுதி. கணினிவழிப் பாடங்கள் உருவாகும் இடமும், அவற்றால் பயன்பெற வேண்டிய தமிழ் மாணாக்கர் வாழும் இடமும் இத்துணை அருகருகே அமைந்திருப்பது வேறெங்கும் எளிதில் காணக்கிடைக்காதது.

அண்மையில் இருப்பது அணுக்கமாக இருப்பதாகாது என்பதையும் உடன் கூறல் வேண்டும். தேவனார் நிறுவனம் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்துடன் இணைந்து, டாட்டா அறக்கட்டளைகளின் உதவியால் நடத்திய 'கிளிக்ஸ்' என்னும் இணைப்புக் கல்வித் திட்டம், 2017-ஆம் ஆண்டுக்குரிய யுனெஸ்கோவின் மன்னர் அமத் பரிசைப் பெற்றது. அரசு உயர்நிலைப் பள்ளி மாணாக்கர்க்கென அமைந்த அப்பாடங்கள் இராசசுத்தான், சத்தீசுகர், மிசோரம், தெலங்கானா ஆகிய மாநிலங்களில் வழங்கின. அம்மாநிலங்களின் தேவைக்கேற்ப இந்தி, தெலுங்கு, ஆங்கிலம் ஆகிய மொழிகளில் அவை அமைந்தன. தமிழ் அதில் இடம்பெறவில்லை. இது குறையன்று, திட்டத்தின் எல்லை அது. எனினும் செம்பூரிலே ஆக்கப்பட்ட பாடம் செம்பூர்த் தமிழ்ப்பிள்ளைக்கு அதன் தாய்மொழியில் கிட்டவில்லை என்னும் நிலை, மும்பைத் தமிழ்க் கல்வியின் இருப்பை ஒருவாறு காட்டுகிறது. மும்பை மாநகராட்சி மராத்தி, இந்தி, உருது, ஆங்கிலம், குசராத்தி, தமிழ், தெலுங்கு, கன்னடம் என எட்டு மொழிகளில் பள்ளிகளை நடத்தி வந்துள்ளது. 2020-இல் பெருந்தொற்றின்போது பள்ளிகள் மூடப்பட்டபொழுது, தமிழ்நாட்டு மாணாக்கர்க்கு 2019-இல் தொடங்கப்பட்ட கல்வித் தொலைக்காட்சி கைகொடுத்தது. ஆயின் அத்தொலைக்காட்சி பின்பற்றியது தமிழ்நாட்டுப் பாடத்திட்டம். மும்பைத் தமிழ்ப் பள்ளியில் பயில்வோர்க்குரியதோ மகாராட்டிரப் பாடத்திட்டம். மொழி ஒன்றாயினும் பாடம் வேறு. பக்கத்தில் ஆக்கப்படுவது மொழியால் வேறுபடுகிறது. தொலைவிலிருந்து வருவது பாடத்தால் வேறுபடுகிறது. இவ்விரண்டிற்கும் இடையில் நிற்கும் மாணாக்கர்க்குத் தமிழிலும் கிடைக்கக்கூடிய பாடம் எத்தன்மையது என்பதே இனி நாம் காணவேண்டுவது.

பேசும் பாடம்

தமிழ்க் குரலுடன் மும்பையிலிருந்தே வெளிவரும் கணினிப் பாடங்களுள் முதன்மையானவை, மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் 'ஸ்போக்கன் டுடோரியல்' பாடங்களாகும். வேதிப்பொறியியல் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா தலைமையில் வளர்ந்த இத்திட்டம், தகவல் தொழில்நுட்பத்தின் வழியாகக் கல்வியைப் பரப்புதற்கென நடுவண் அரசு 2009-இல் தொடங்கிய தேசிய இயக்கத்தின் நிதியுதவி பெற்றது. சைலாப், லாடெக், லிப்ரே ஆபீஸ், பைத்தான், சி, சாவா போன்ற மென்பொருள்களையும் நிரல்மொழிகளையும் ஏறத்தாழப் பத்து நிமிட அளவுடைய துண்டுப் பாடங்களாக இது கற்பிக்கிறது. இருபதுக்கும் மேற்பட்ட இந்திய மொழிகளில் குரல் சேர்க்கப்பட்டுள்ளது. பாடங்கள் எவரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய திறந்த உரிமத்தில் வெளியிடப்படுகின்றன.

இப்பாடங்களின் அமைப்பு நுணுகி நோக்கத்தக்கது. ஆசிரியரின் முகம் திரையில் தோன்றுவதில்லை. கணினித் திரையே பாடத்தின் களம். அதில் சுட்டி நகர்கிறது, குரல் அதைத் தொடர்கிறது. பதிவுக்கு முன் எழுத்துப்படி ஒன்று உருவாக்கப்படுகிறது. அதில் இரு பத்திகள் உள்ளன: ஒன்றில் திரையில் என்ன நிகழ வேண்டும் என்பது, மற்றொன்றில் என்ன பேசப்பட வேண்டும் என்பது. அவ்வெழுத்துப்படி பொருள் அறியாத புதியவர் ஒருவரால் சோதிக்கப்படுவதும் உண்டு. பின்னர் நேரக்குறிப்புடன் கூடிய படி உருவாகிறது. எந்த நொடியில் எந்தத் தொடர் தொடங்குகிறது என்பதை அது காட்டும். பிறமொழிக் குரல் இந்நேரக்குறிப்பை ஒட்டியே சேர்க்கப்படுகிறது. கற்பவர் திரையின் ஒரு பாதியில் பாடத்தை ஓடவிட்டு, மறு பாதியில் மென்பொருளைத் திறந்து, பாடத்தை நிறுத்தி நிறுத்தித் தாமும் அதையே செய்து பார்க்க வேண்டும்.

திரை ஆங்கிலத்திலேயே இருக்க, குரல் மட்டும் மாற்றப்படுவது மறதியால் நேர்ந்ததன்று. அது திட்டத்தினர் தெரிந்து மேற்கொண்ட கொள்கை. மாணாக்கர் நாளை வேலைக்குச் செல்லும் இடத்தில் மென்பொருள் ஆங்கிலத்திலேயே இருக்கும். ஆதலின் விளக்கம் தாய்மொழியிலும், கருவி ஆங்கிலத்திலும் இருக்கட்டும் என்பது அவர்தம் கருத்து. தமிழ் வழியில் பயின்று பொறியியற் கல்லூரிக்குள் நுழைந்த மாணாக்கரின் இடர்ப்பாட்டை அறிந்தவர் எவரும் இக்கருத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. என் வேறுபாடு கொள்கையில் இல்லை. இக்கொள்கையிலிருந்து மொழிபெயர்ப்புக்கெனத் தனியே ஓர் இலக்கணம் பிறந்திருக்க வேண்டும். அது பிறக்கவில்லை என்பதே என் குறை. நூலைத் தமிழாக்கும் முறையே திரைப்பாடத்திற்கும் போதும் என்று நாம், அஃதாவது மொழிபெயர்ப்பாளரும் கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபட்டோரும், எண்ணிவிட்டோம்.

சுட்டும் சொல்லும் கருதும் சொல்லும்

செம்பூரில் ஒரு குடியிருப்பில், கல்லூரியில் முதலாண்டு பயிலும் மாணவி ஒருவர் தமிழில் அமைந்த கணினிப் பாடம் ஒன்றைக் கேட்டுப் பயில்வதை அருகிருந்து காணும் வாய்ப்புக் கிட்டியது. அப்பாடம் எவருடையது என்பது ஈண்டு வேண்டுவதன்று. அதில் கண்ட குறை பலர்க்கும் பொதுவானது. குரல் 'கோப்பு' என்றது. திரையில் இருந்ததோ ஆங்கிலத்தில் 'ஃபைல்'. அவர் பாடத்தை நிறுத்தினார். "கோப்புன்னா எது சார்? இங்க ஃபைல்னுதானே இருக்கு?" என்றார். விளக்கிய பின் தொடர்ந்தார். அடுத்து 'சேமி', அதையடுத்து 'பதிவிறக்கு', பின்னர் 'கோப்புறை'. நான்காம் முறை நிறுத்தியவர் தமிழை விட்டு இந்திக் குரலுக்கு மாறினார். இந்திக் குரல் திரையில் உள்ளவற்றை 'ஃபைல்' என்றும் 'சேவ்' என்றும் கூறிக்கொண்டே சென்றது. அவர் கையும் தடையின்றி உடன் சென்றது. வீட்டில் தமிழும் தெருவில் இந்தியும் பேசும் செம்பூர் மாணவிக்கு இம்மாற்றம் மிக எளிது. ஒருவரைக் கண்டு ஊரை அளத்தல் முறையன்று என்பதை அறிவேன். ஆயினும் மும்பையில் தமிழ்ப்பாடம் பிறமொழிப் பாடத்தோடு ஒரே திரையில், ஒரே பட்டியலில் நிற்கிறது. தமிழைத் தவிர வேறு வழியில்லாதவர்க்கு எழுதப்படும் தமிழ் ஒருவகை. கற்பவர் எந்நொடியிலும் விட்டுச் செல்லக்கூடிய தமிழ் மற்றொரு வகை. பின்னதற்குப் பொறுப்பு மிகுதி.

'கோப்பு' என்பது தவறான சொல்லா? அன்று. அலுவலக வழக்கில் நெடுங்காலமாக நின்று, கணினிக்கும் இயல்பாகப் பொருந்திய நற்சொல் அது. லிப்ரே ஆபீஸ் மென்பொருளின் தமிழ் இடைமுகத்தைத் திறந்தால் அங்கே 'கோப்பு' என்றே இருக்கும். அங்கே அது முற்றிலும் சரியான சொல். ஆங்கில இடைமுகத்தின் முன் அமர்ந்திருப்பவரிடம் அதைக் கூறும்போது, சொல் தன் பொருளை இழப்பதில்லை. தன் தொழிலை இழக்கிறது. ஏனெனில் அவ்விடத்தில் அதன் தொழில் பொருளுணர்த்துவது அன்று, இடத்தைச் சுட்டுவது. கடைத்தெருவில் ஒரு கடையைக் காட்டும்போது அதன் பெயர்ப்பலகையில் உள்ள பெயரைத்தான் சொல்கிறோம். அப்பெயரின் மொழிபெயர்ப்பைச் சொல்வதில்லை.

எனவே திரைப்பாடச் சொற்களை இரு வகையாகப் பகுத்தல் வேண்டும் எனலாம். திரையில் எழுதப்பட்டிருக்கும் ஒன்றைக் காட்டுபவை சுட்டும் சொற்கள். ஃபைல், எடிட், சேவ், ஓகே போன்றவையும், நிரல்மொழியின் கட்டளைச் சொற்களும் இவ்வகையின. இவை திரையில் உள்ளவாறே ஒலிக்கப்பட வேண்டும். முதன்முறை வரும்போது மட்டும் தமிழ்ப்பொருளை உடன் கூறுதல் நன்று. திரையில் எழுத்தாக இல்லாமல் கற்பவரின் உள்ளத்தில் உருவாக வேண்டியவை கருதும் சொற்கள். மாறி, மாறிலி, அணி, மதிப்பு, நிபந்தனை போன்றவை இவ்வகையின. இவற்றைத் தமிழில் கூறாவிடில் பாடம் தமிழில் நிகழ்ந்ததாகவே கொள்ளலாகாது. நடைமுறையில் காணப்படுவதோ பெரும்பாலும் இதன் தலைகீழ். மெனுவில் உள்ள பெயர்கள் தமிழாக்கப்படுகின்றன. 'வேரியபிள்', 'மேட்ரிக்ஸ்', 'கண்டிஷன்' ஆகியவை ஆங்கில ஒலியிலேயே விடப்படுகின்றன. முன்னவை எளிய சொற்கள், அகராதியில் உடனே கிடைப்பவை. பின்னவை துறையறிவு வேண்டுபவை. எளிதானதைப் பெயர்த்து அரிதானதை விடுவது மொழிபெயர்ப்பில் பழைய நோய்.

கருதும் சொற்களிலும் ஒரு சிக்கல் உண்டு. அச்சுநூலுக்கு எல்லை உண்டு. தமிழ்நாட்டு நூல் தமிழ்நாட்டிலும், இலங்கை நூல் இலங்கையிலும் வழங்கும். திரைப்பாடத்திற்கு அவ்வெல்லை இல்லை. தமிழ்நாட்டுக் கணிதநூல் 'அணி' என்பதை இலங்கைக் கணிதநூல் 'தாயம்' என்கிறது. இங்கே 'கணம்' எனப்படுவது அங்கே 'தொடை'. சைலாப் பாடத்தில் 'அணி' என்று கேட்கும் யாழ்ப்பாண மாணவர்க்கு அது செய்யுளணியையே நினைவூட்டக்கூடும். இவ்விடத்தில் திரை ஆங்கிலத்தில் இருப்பது தீமையன்று, நன்மையே. ஆங்கில எழுத்தைக் கண்ணால் கண்டுகொண்டே இரு தமிழ்ச் சொற்களையும் ஒருமுறை காதால் கேட்டுவிட்டால் ஐயம் நீங்கிவிடும். ஆங்கிலத் திரையைத் தமிழ்க்குரலின் பகையாகக் காண்போர் இதனைக் கருதிப் பார்த்தல் நலம்.

வினை இறுதியில் நிற்றல்

சொல்லைப் பற்றிய வழக்கே மிகுதியாகப் பேசப்படுவதால் தொடரமைப்பு கவனம் பெறாமல் போகிறது. திரைப்பாடத்தில் தொடரமைப்பே முதற் சிக்கல் என்பது என் கருத்து.

ஆங்கில ஏவல் தொடரில் வினை முதலில் வரும்: சொடுக்கு, சேவ் பொத்தானை, ஃபைல் பட்டியலில் உள்ளதை, என்னும் வரிசை. தமிழில் 'ஃபைல் பட்டியலில் உள்ள சேவ் பொத்தானைச் சொடுக்குங்கள்' என்று வரும். இடம் முதலில், பொருள் அடுத்து, செயல் இறுதியில். கற்பவரின் கண்ணும் கையும் செல்லும் வழியும் இதுவே. முதலில் பட்டியலைத் தேட வேண்டும், அதனுள் பொத்தானைக் காண வேண்டும், அதன் பின்னரே அழுத்த வேண்டும். ஆங்கிலத்தில் முதலில் செய்ய வேண்டியது காதில் இறுதியாக விழுகிறது. இவ்வகைத் தொடர்களில் தமிழின் இயல்பான அமைப்பு ஆங்கிலத்தைவிடத் திரைக்கு நன்கு பொருந்துகிறது. இதனை உணராமல், மூலத்தின் வரிசையைக் காக்கும் பொருட்டுச் 'சொடுக்கவும், ஃபைல் பட்டியலில் சேவ் என்பதை' என்று தொடரைக் குலைப்பவர் கையில் இருந்த நலனைத் தாமே இழக்கின்றனர்.

ஆயின் கவனத்தை ஈர்க்கும் தொடர்களில் நிலைமை மாறிவிடுகிறது. ஆங்கிலத்தில் 'கவனியுங்கள்' என்னும் வினை தொடரின் தலையில் நின்று காதைத் தட்டும். பின்னரே செய்தி வரும். அதனை ஒரே தொடராகத் தமிழாக்கினால், 'நாம் என்டர் விசையை அழுத்தியதனால் மாறியின் மதிப்பு ஐந்திலிருந்து ஏழாக மாறியிருப்பதைக் கவனியுங்கள்' என்று அமையும். இலக்கணப் பிழை ஏதுமில்லை. ஆனால் 'கவனியுங்கள்' என்னும் சொல் வந்து சேர்வதற்குள் திரையில் காட்சி மாறிவிட்டிருக்கும். கவனிக்க வேண்டியது கடந்துபோன பின் கவனிக்கச் சொல்கிறது குரல். நல்லாசிரியர் வகுப்பில் இவ்வாறு பேசுவதில்லை. 'இங்கே பாருங்கள். மாறியின் மதிப்பு ஐந்தாக இருந்தது, இப்போது ஏழு. என்டர் விசையை அழுத்தினோம் அல்லவா, அதனால்' என்றே பேசுவார். தமிழ்ப் பேச்சு நெடுந்தொடரை இவ்வாறு துண்டுகளாக்கி, வேண்டிய வினையை முன்னே கொணரும் ஆற்றல் உடையது. எழுத்துத் தமிழின் எச்சத்தொடர்களை மட்டுமே தமிழின் இயல்பென்று கருதுவோர்க்கு இவ்வாற்றல் புலப்படுவதில்லை.

பெயரெச்சத் தொடர்களும் இவ்வாறே. 'முகப்பில் உள்ள கோப்புறையில் சற்றுமுன் நாம் சேமித்த நிரல்' என்பதைப் படிப்பவர் பின்னோக்கிப் பார்த்துக்கொள்ளலாம். கேட்பவர்க்கு அவ்வாய்ப்பில்லை, 'நிரல்' என்னும் பெயர் வரும்வரை அனைத்தையும் நினைவில் தாங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

தன்மைப் பன்மை பற்றியும் ஒரு சொல். ஆங்கிலத்தில் இல்லாத நாம், நாங்கள் என்னும் வேறுபாடு தமிழ்க்குரலுக்குக் கிடைத்த செல்வம். 'இப்போது நாம் ஒரு நிரல் எழுதுவோம்' என்றால் கேட்பவரும் உடன் எழுத வேண்டும். 'நாங்கள் ஒரு நிரல் எழுதி வைத்துள்ளோம்' என்றால் அவர் வெறுமனே பார்த்திருக்கலாம். பாடத்தை எங்கே நிறுத்திச் செய்து பார்ப்பது என்பதை ஆங்கில மாணவர் தாமே உய்த்துணர வேண்டும்; தமிழில் அதனை ஒரு பெயர்ச்சொல்லே உணர்த்திவிடும். இரண்டையும் வேறுபாடின்றி வழங்கும் படிகள் இவ்வாய்ப்பைக் கைவிடுகின்றன. ஏவல் வடிவத்தையும் இங்கே கூறலாம். 'சொடுக்கவும்', 'திறக்கவும்', 'மூடவும்' என்பன அறிவிப்புப் பலகையின் நடை. எவரையும் நோக்கிப் பேசாதவை. முகம் காட்டாத ஆசிரியர், முன்னிலையையும் விட்டுவிட்டால் மாணவர்க்கு எஞ்சுவது யாது? 'சொடுக்குங்கள்' என்பதில் ஒருவர் மற்றொருவரிடம் பேசும் நிலை உள்ளது.

நேரம் உண்ணும் சொற்கள்

ஆங்கிலத் தொடர்க்கு ஒதுக்கிய நொடிகளுக்குள் தமிழ்த்தொடர் அடங்குவது அரிது. வேற்றுமை உருபும் சாரியையும் ஏறிய தமிழ்ச்சொற்கள் அசை மிக்கவை. மொழிபெயர்ப்பாளர் ஒன்று விரைந்து பேச வேண்டும், அல்லது எதையேனும் விட வேண்டும். எதை விடுகிறோம் என்பதில்தான் பாடத்தின் உயிர் உள்ளது. செயலைக் கூறும் சொல்லை விட இயலாது. காட்சி அதை வேண்டி நிற்கும். ஆகவே 'ஏனெனில்', 'ஆதலால்', 'இல்லாவிடில்' என்று தொடங்கும் காரணத் தொடர்களே முதலில் வெட்டுப்படுகின்றன. அவை நீங்கிய பின் பாடம் கட்டளைகளின் வரிசையாகச் சுருங்கிவிடுகிறது. இன்னதைச் செய்க என்பது எஞ்சும். இன்னதற்காகச் செய்க என்பது மறையும். ஆங்கில வழியில் கேட்பவர் காரணமும் பெற்றுத் தமிழ் வழியில் கேட்பவர் கட்டளை மட்டும் பெறுவாராயின், தாய்மொழியில் கற்பிப்பதன் நோக்கமே தலைகீழாகிறது. பத்து நிமிடத்தைப் பன்னிரண்டாக நீட்டக் கூடாது என்று விதி ஏதேனும் இருக்குமாயின், அது தமிழுக்கு இடப்பட்ட விதியன்று. காட்சியைச் சில நொடிகள் அசையாமல் நிறுத்தி வைப்பது இன்றைய கருவிகளில் எளிய செயல்.

தாயிடம் பேசும் பாடம்

இதே கழகத்திலிருந்து இதே முறையில் உருவான உடல்நலப் பாடங்கள் உள்ளன; தாய்ப்பாலூட்டல், குழந்தையின் ஊட்டம் ஆகியவை பற்றியவை. அவற்றில் ஆங்கில இடைமுகம் இல்லை. காட்சியில் இருப்பவர்கள் தாயும் குழந்தையுமே. சுட்டும் சொல் என்னும் சிக்கல் அங்கே எழுவதில்லை என்று தோன்றும். ஆனால் வேறொரு வடிவில் எழுகிறது. குழந்தையை ஏந்தும் முறை ஒன்றற்கு ஆங்கிலத்தில் 'கிராஸ் கிரேடில்' என்று பெயர். அதனைக் 'குறுக்குத் தொட்டில் பிடிப்பு' என்று பெயர்த்தால் அகராதி மறுக்காது. ஆயின் தமிழ்த்தாய்க்குத் தொட்டில் என்பது உத்தரத்தில் கட்டிய சேலை; கையில் ஏந்துவதற்கும் அதற்கும் உறவில்லை. 'எந்தப் பக்கம் பால் கொடுக்கிறீர்களோ அதற்கு எதிர்க்கையால் குழந்தையைத் தாங்குங்கள்' என்று கூறினால் பெயரே வேண்டியதில்லை. இங்கே தவறு நேர்ந்தால் கெடுவது மதிப்பெண் அன்று, குழந்தையின் எடை. கலைச்சொல் இல்லாமல் விளக்கத்தால் நடத்த வேண்டிய இடமும் மொழிபெயர்ப்பில் உண்டு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

தமிழிலேயே பிறந்த பாடங்கள்

பெயர்ப்பு வேண்டாம், தமிழிலேயே எழுதிவிடலாமே என்னும் கேள்வி எழும். அவ்வழியும் முயலப்பட்டுள்ளது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம்-99 மாநாட்டின் விளைவாக, 2001 பிப்ரவரி 17 அன்று தமிழ் இணையப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. பின்னர் அது தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப் பெயர் பெற்றது. முனைவர் வா. செ. குழந்தைசாமி போன்றோரின் உழைப்பு அதன் தோற்றத்தில் பெரிது. மழலைக் கல்வி முதல் பட்டப்படிப்பு வரை அமைந்த அதன் பாடங்கள் உலகெங்கும் உள்ள தமிழர்க்குப் பயன்பட்டன. மும்பையில் தமிழை இரண்டாம் நிலையில் பயிலும் பிள்ளைகட்கும் அவை பயன்படக்கூடியவை. பாடத்தின் இடையிடையே தன்மதிப்பீட்டு வினாக்களை வைத்து, விடையை மாணவர் தாமே சரிபார்த்துக்கொள்ளச் செய்தது அக்காலத்தில் முன்னோடியான அமைப்பு. எனினும் பட்டப்படிப்புப் பாடங்களின் நடை அச்சுநூலின் நடையே. தாளைத் திரையில் ஏற்றிவிட்டால் அது திரைப்பாடம் ஆகிவிடாது. ஆங்கிலத்திலிருந்து பெயர்த்தவற்றில் குரல் இருக்கிறது, ஆனால் தமிழ்த்தொடர் தடுமாறுகிறது. தமிழில் பிறந்தவற்றில் தொடர் செம்மையாக உள்ளது, ஆனால் குரல் இல்லை. இரு சாராரும் ஒருவர் பணியை மற்றவர் கண்டதாகத் தெரியவில்லை.

பொறியியற் பாடங்களைப் பொறுத்தவரை, 2003-இல் தொடங்கிய என்பிடெல் விரிவுரைகளின் தமிழாக்கமும், மும்பைக் கழகத்தில் 2021-இல் அறிமுகமான 'உடான்' என்னும் பொறிவழி மொழிபெயர்ப்புத் திட்டமும், 2022-இல் நடுவண் அரசு முன்வைத்த 'பாஷினி'யும் குறிப்பிடத்தக்கவை. பொறி மிக விரைவாகப் பெயர்க்கிறது. ஆனால் உரையை மட்டும் கொண்டு பெயர்க்கும் பொறி, மேலே கூறிய குறைகளையும் அதே விரைவில் பெருக்கும். திரையில் என்ன எழுதியுள்ளது என்பதை அது காணாது. சுட்டும் சொல்லையும் கருதும் சொல்லையும் ஒரே தட்டில் வைக்கும். 'கவனியுங்கள்' என்பதை இலக்கண முறைப்படி தொடரின் இறுதியில் கொண்டுபோய் நிறுத்தும்.

1860-களில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மேலைமருத்துவத்தைத் தமிழில் கற்பித்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், தம் மாணவரையும் உதவியாளரையும் உடன்வைத்துக்கொண்டே நூல்களைத் தமிழாக்கினார். அவர் ஆக்கிய சொற்கள் அனைத்தும் நிலைக்கவில்லை. ஆயின் தாம் எழுதிய சொல் கேட்பவர்க்கு விளங்கிற்றா என்பதை மறுநாள் வகுப்பிலேயே அவரால் காண முடிந்தது. இன்றைய திரைப்பாட மொழிபெயர்ப்பாளர்க்கு அது கிட்டுவதில்லை. ஆங்கிலப் படியைப் புதியவர் ஒருவரிடம் சோதிக்கும் நல்ல வழக்கம் இருக்கும்போது, தமிழ்ப்படியையும் தமிழ் மாணவர் ஒருவரைக் கணினி முன் அமர்த்திச் சோதித்தல் கடினமன்று. பவாயிலிருந்து செம்பூர் வந்து சேர ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆங்கிலத்தில் தேறியது தமிழிலும் தேறும் என்று கொள்ளலாகாது. அவர் பாடத்தை நிறுத்தும் ஒவ்வோரிடத்தையும் குறித்துக்கொள்ள, எழுத்துப்படியில் இப்போதுள்ள இரு பத்திகளுக்கு அப்பால் மூன்றாவதாக ஒரு பத்தியை வெறுமையாக விட்டு வைத்தால் போதும்.